விண்டோஸ் படுத்துவிட்டதா? கஸ்டமர் கேரைச் சமாளிப்பது முதல் மறுபடி விண்டோஸ் போடுவது வரை: முழுமையான வழிகாட்டி

பாலக்கோட்டில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள், தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவர்கள் என்று பலரும் "விண்டோஸ் ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சிலர் அதற்குள் கம்பெனியின் கஸ்டமர் கேரோடு இரண்டு வாரம் போராடி ஓய்ந்திருப்பார்கள். சிலர் போனில் சொன்னதைக் கேட்டு ரீசெட் கொடுத்து, ஃபைல்களைப் பறிகொடுத்திருப்பார்கள்.

எனக்கும் அது நடந்தது. வாரண்டியில் இருந்த என் கடை லேப்டாப் நீலத் திரையில் நின்றது. நான்கு முறை போன் செய்தேன், நான்கு முறையும் புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொன்னேன். கடைசியில் பேசியவர் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னார். செய்தேன். மூன்று வருட வேலை போனது, கோளாறு போகவில்லை. ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டிதான் பழுது என்று பிறகு தெரிந்தது.

விண்டோஸ் போடுவது கஷ்டமான வேலை இல்லை. வரிசை மாறினால்தான் நஷ்டம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

16 ஜிபி பென் டிரைவ் ஒன்று. 8 ஜிபியே போதும் என்றாலும் டிரைவர்களையும் (வைஃபை போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சின்ன சாஃப்ட்வேர்கள்) அதிலேயே வைக்க இடம் வேண்டும். ஃபைல்களை எடுத்து வைக்கத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் அல்லது பெரிய பென் டிரைவ். விண்டோஸ் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். சார்ஜர். போனைச் செருக டேட்டா கேபிள்.

டவுன்லோடு மட்டும் 5 ஜிபிக்கு மேல் போகும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் போன் பிளானில் இது பாதியில் நின்றுவிடும். ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டிலோ கடையிலோ இதை முடித்துக்கொள்ளுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் வேலையைத் தொடங்க வேண்டாம். பேட்டரி பழசாகிப்போன லேப்டாப், விண்டோஸ் பதியும்போது நடுவில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

2. கோளாறு டிஸ்க்கிலா, விண்டோஸிலா என்று முதலில் பாருங்கள்

டிஸ்க் பழுதாகியிருந்தால் விண்டோஸ் எத்தனை முறை போட்டாலும் நிற்காது. அதனால்தான் இது முதல் வேலை.

லேப்டாப்புக்குள்ளேயே சோதனை வசதி இருக்கிறது. ஹெச்பியில் பவர் பட்டனை அழுத்தியதும் எஸ்கேப்பைத் தட்டி, பிறகு எஃப்2. டெல்லில் எஃப்12 தட்டி டயக்னாஸ்டிக்ஸ். மற்றவற்றில் பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் லேப்டாப்பின் செட்டிங்ஸ் திரை) போய் எஸ்எஸ்டியின் பெயராவது தெரிகிறதா என்று பாருங்கள். பெயரே தெரியவில்லை என்றால் அது விண்டோஸ் பிரச்சினை இல்லை.

சோதனையில் தவறு காட்டினால் திரையைப் போனில் படம் எடுங்கள். அந்தப் பிழை எண் கையில் இருந்தால் கஸ்டமர் கேரில் "ரீசெட் செய்து பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது கடினம். என்னிடம் அன்று அந்த எண் இருந்திருந்தால் நான்கு போன் பேச வேண்டியிருந்திருக்காது.

3. கஸ்டமர் கேரிடம் பேசும் முறை

வாரண்டி பெரும்பாலும் பாகங்களுக்குத்தான். விண்டோஸ் கெட்டுப்போனதை அவர்கள் சாஃப்ட்வேர் பிரச்சினை என்று ஒதுக்குவார்கள், இல்லையென்றால் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஆகவே 2-ஆம் படியில் டிஸ்க் சரியாக இருந்தால் போனில் நேரத்தை விடாமல் 4-க்குப் போய்விடலாம்.

பாகம் பழுது என்றால் பேசித்தான் ஆக வேண்டும். பேசுவதற்கு முன் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண், பில், பிழை எண்ணின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பில்லில் உள்ள தேதியும் கம்பெனி இணையதளத்தில் காட்டும் வாரண்டித் தேதியும் ஒன்றா என்றும் பாருங்கள். சில நேரம் கடைக்காரர் வாங்கிய தேதியிலிருந்தே வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும். பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

வாரண்டி ஆன்சைட்டா (ஆள் நம் இடத்துக்கே வருவது), நாமே கொண்டுபோகும் வகையா என்பதை வாரண்டித் தாளில் படித்துவிட்டுப் பேசுங்கள். அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பின்கோடைச் சொன்னதும் "சேலத்துக்கோ ஓசூருக்கோ கொண்டு வாருங்கள்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். ஆன்சைட் என்று எழுதியிருந்தால் அதைக் காட்டி ஆளை அனுப்பச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு போனுக்கும் பிறகு ஒரு இமெயில் அனுப்புங்கள்: இன்று இத்தனை மணிக்குப் பேசினேன், கேஸ் எண் இது, இப்படிச் சொன்னார்கள் என்று நான்கு வரி போதும். போனில் சொன்னதற்கு நம் கையில் சாட்சி இல்லை, இமெயிலுக்கு உண்டு. கடைசிப் படியில் இது கை கொடுக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், 4, 5 இரண்டையும் முடிக்காமல் ரீசெட் செய்யாதீர்கள், பயாஸ் அப்டேட்டும் செய்யாதீர்கள். ஃபைல் போனால் அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். வாரண்டித் தாளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

4. பிட்லாக்கர் சாவியைத் தேடி எடுங்கள்

நான் பார்த்ததில் ஃபைல்களை நிரந்தரமாக இழந்தவர்களில் அதிகம் பேர் இங்கேதான் விழுந்தார்கள்.

விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் லாகின் செய்ததுமே டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டப்பட்டுவிடுகிறது. இப்படி ஒன்று நடந்ததே பலருக்குத் தெரியாது. விண்டோஸ் நன்றாக ஓடும்வரை பூட்டு தானாகத் திறக்கும். பயாஸ் அப்டேட் செய்தாலோ, பயாஸில் செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றினாலோ, ரிப்பேர் திரைக்குள் போனாலோ 48 இலக்க ரெகவரி கீ கேட்கும்.

வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப் பெயருக்குள் பிட்லாக்கர் கீ இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் லேப்டாப் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். தாளில் எழுதுங்கள். படமும் எடுங்கள்.

கணக்கில் இல்லையா? லேப்டாப்பை முதன்முதலில் வாங்கியபோது யாருடைய இமெயிலைப் போட்டார்கள் என்று யோசியுங்கள். கடைக்காரர் தன் இமெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்ததையும், அண்ணன் கணக்கில் சாவி கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். கல்லூரி கொடுத்த இமெயிலில் நுழைந்திருந்தால் சாவி கல்லூரியின் கணக்கில் இருக்கும், அங்கே கேட்க வேண்டும்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால் அந்த டிஸ்க்கில் உள்ளதைக் கம்பெனியாலும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. "எடுத்துத் தருகிறேன், ஐயாயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

5. ஃபைல்களை வெளியே எடுங்கள்

விண்டோஸ் எப்படியாவது திறந்தால் வழக்கம்போல காப்பி செய்துகொள்ளலாம். திறக்காவிட்டாலும் வழி இருக்கிறது.

லேப்டாப்பை ஆன் செய்து, லோகோ வந்து சுற்றத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் அடுத்த முறை ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போங்கள். சாவி கேட்டால் 4-இல் எழுதியதைக் கொடுங்கள்.

கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நோட்பேட் (notepad) என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ் என்றிருப்பதை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஃபோல்டருக்குள் ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும். பலர் அங்கேயே "எல்லாம் போச்சு" என்று பயந்துவிடுகிறார்கள்.

இப்போது அந்தச் சின்ன ஜன்னலையே ஃபைல் எக்ஸ்ப்ளோரராகப் பயன்படுத்தலாம். ஃபோல்டர் மீது வலது க்ளிக், காப்பி, பிறகு உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குள் பேஸ்ட். இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். சி என்று காட்டுவது உண்மையில் உங்கள் சி டிரைவாக இல்லாமல் போகலாம். யூசர்ஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

எவ்வளவு காப்பி ஆனது என்று இது காட்டாது. ஜன்னல் உறைந்ததுபோல நிற்கும். அணைத்துவிடாமல் காத்திருங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுக்காமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்தால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியும். பின்பு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே திறக்காத ஃபைலால் பயனில்லை.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். மறப்பது வேறு மூன்று. டேலி கணக்குகள் டாக்குமெண்ட்ஸில் இருக்காது, டேலியின் டேட்டா ஃபோல்டர் எங்கே என்று தேடிப் பிடியுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸ்: பாமினி, வானவில் எழுத்துருவில் டைப் செய்த பழைய ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் இதை விட்டால், பிறகு ஃபைலைத் திறக்கும்போது தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். மூன்றாவது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று போனில் பாருங்கள்.

6. டிரைவர்களை முன்கூட்டியே இறக்குங்கள்

கம்பெனி இணையதளத்தில் சீரியல் எண் கொடுத்தால் உங்கள் மாடலுக்கான டிரைவர்கள் வரும். எல்லாம் இப்போதே வேண்டாம். இரண்டு போதும்: வைஃபை டிரைவர், ஸ்டோரேஜ் டிரைவர்.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸ் போடும்போது "டிஸ்க்கே இல்லை" என்று காட்டும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவரை எனக்குத் தெரியும். உண்மையில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாததால்தான் அப்படி.

அந்த டிரைவர் ஒற்றை செட்டப் ஃபைலாக இறங்கும். அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் பலிக்காது, ஏனென்றால் விண்டோஸ் போடும் திரை செட்டப் ஃபைலை ஓட்டாது. இன்னொரு கம்ப்யூட்டரில் அதைப் பிரித்து, உள்ளே உள்ள ஃபோல்டரை வெளியே எடுக்க வேண்டும். கம்பெனி ஃபைல்களில் பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்ட் என்ற தேர்வு இருக்கும். இல்லையென்றால் 7-ஜிப் என்ற சாஃப்ட்வேர் கொண்டு பிரியுங்கள்.

இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விண்டோஸ் ஹோமா, ஹோம் சிங்கிள் லாங்குவேஜா, ப்ரோவா. லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆபீஸை எந்த இமெயிலில் ஆக்டிவேட் செய்தீர்கள். ஆபீஸ் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டது. இமெயில் மறந்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் கைவிட்டுப் போகும்.

விண்டோஸ் கீயைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இது தெரியாமல்தான் ஒரிஜினல் லைசென்ஸ் உள்ள லேப்டாப்பைக் கடையில் கொடுத்து, கிராக் போட்ட விண்டோஸை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கிராக் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்தே வைத்திருப்பார்கள். அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங் செய்வது ஆபத்து.

7. ரீசெட்டா, புதிதாகப் போடுவதா?

ரிப்பேர் திரையில் ரீசெட் திஸ் பிசி என்று ஒரு வழி உண்டு. கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தால் உங்கள் ஃபைல்கள் இருக்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் போய்விடும். கிளவுட் டவுன்லோடு, லோக்கல் ரீஇன்ஸ்டால் என்று இரண்டு கேட்கும். உள்ளே உள்ள விண்டோஸ் ஃபைல்களே கெட்டிருக்கலாம் என்பதால் கிளவுட் நல்லது. 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகலாம்.

முதலில் இதை முயலலாம், 5-ஆம் படி முடிந்திருந்தால் மட்டும். பாதியில் "பிரச்சினை ஏற்பட்டது, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை" என்று நின்றால் மறுபடி மறுபடி முயலாமல் பென் டிரைவுக்குப் போய்விடுங்கள்.

8. பென் டிரைவ் தயாரித்தல்

இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் இணையதளத்திலிருந்து விண்டோஸ் 11 மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழியும். ஃபைல்களை எடுத்து வைத்த டிரைவையே இதற்குச் செருகிவிட்ட பிள்ளை ஒன்று என் கடையில் உட்கார்ந்து அழுதது. எடுத்து வைத்த டிரைவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு இதைத் தொடங்குங்கள்.

முடிந்ததும் அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு 6-இல் எடுத்த டிரைவர்களை வையுங்கள்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல்தான். அதற்கும் பழசு என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போடுங்கள், வற்புறுத்தி 11 ஏற்றாதீர்கள்.

9. பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள்

பென் டிரைவைச் செருகி ஆன் செய்ததும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான பட்டனைத் தொடர்ந்து தட்டுங்கள். ஹெச்பிக்கு எஃப்9, டெல்லுக்கும் லெனோவோவுக்கும் எஃப்12, அசூஸுக்கு எஸ்கேப். ஏசருக்கும் எஃப்12தான், ஆனால் பயாஸில் எஃப்2 மூலம் போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்த பிறகே வேலை செய்யும். லெனோவோ ஐடியாபேடு சிலவற்றில் ஓரத்தில் குண்டூசித் துளை ஒன்று இருக்கும், அணைந்த நிலையில் அதைக் குத்தினாலும் மெனு வரும்.

பட்டியலில் பென் டிரைவின் பெயர் யுஇஎஃப்ஐ (UEFI) என்ற சொல்லோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

10. பார்ட்டிஷன் (டிஸ்க்கின் துண்டுகள்) திரையில் நிதானம்

மொழி கேட்கும், அடுத்து கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்பதைக் கொடுங்கள். எந்த விண்டோஸ் என்று கேட்டால் 6-இல் குறித்ததையே தேர்ந்தெடுங்கள். ஹோம் வந்த லேப்டாப்பில் ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

பிறகு டிஸ்க் பட்டியல். இங்கே ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு அளவுகளைப் படியுங்கள். 512 ஜிபி லேப்டாப் என்றால் சுமார் 476 ஜிபி என்று காட்டும், அது சரிதான். செருகியிருக்கும் பென் டிரைவும் இதே பட்டியலில் வேறு டிஸ்க் எண்ணோடு வரும்.

டிஸ்க்கே வரவில்லையென்றால் லோடு டிரைவர் கொடுத்து, 6-இல் பிரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். சில நொடியில் டிஸ்க் தோன்றும்.

டி டிரைவில் ஃபைல் வைத்திருக்கிறீர்களா? அது பெரும்பாலும் அதே டிஸ்க்கின் இன்னொரு துண்டுதான். இந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது, அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எது எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வெளியே வந்து டி-யையும் காப்பி எடுங்கள். எல்லாம் பத்திரம் என்றால் அந்த டிஸ்க்கின் எல்லாத் துண்டுகளையும் டெலிட் செய்து, அன்அலோகேட்டட் என்று ஒன்றே மிஞ்சியதும் நெக்ஸ்ட் கொடுங்கள். தேவையான துண்டுகளை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும்.

பதிந்து முடிந்து முதல் முறை ரீஸ்டார்ட் ஆகித் திரை இருளும்போது பென் டிரைவைக் கழற்றுங்கள். இல்லையென்றால் மறுபடி அதிலிருந்தே தொடங்கி, முதல் திரைக்கே வந்து நிற்கும்.

11. இன்டர்நெட் கேட்கும் இடத்தில் சிக்கிக்கொண்டால்

வைஃபை பட்டியல் காலியாக இருக்கும், நெக்ஸ்ட் பட்டனும் அழுந்தாது. புதியவர்கள் அதிகம் தவிப்பது இங்கே. போனை டேட்டா கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இன்டர்நெட்டைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தரும் வசதி) ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே ஓடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இது வேலை செய்யாது, அதனால்தான் டேட்டா கேபிள் என்று முதலிலேயே சொன்னேன். புதிய விண்டோஸ் 11-இல் இதே திரையில் இன்ஸ்டால் டிரைவர் பட்டனும் இருக்கிறது, வைஃபை டிரைவர் ஃபோல்டரை அதில் காட்டலாம்.

லாகின் செய்ய உங்கள் சொந்த இமெயிலையே கொடுங்கள். கடைக்காரருடையதோ நண்பருடையதோ வேண்டாம். காரணம் 4-ஆம் படியில் இருக்கிறது.

12. போட்டு முடித்த பிறகு

விண்டோஸ் அப்டேட்டை "எதுவும் இல்லை" என்று சொல்லும்வரை ஓட்டுங்கள். பாதி டிரைவர்கள் அதிலேயே வந்துவிடும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதற்காவது இருந்தால், கம்பெனி தளத்திலிருந்து அதை மட்டும் இறக்குங்கள். சிப்செட் (மதர்போர்டுக்கான) டிரைவர் முதலில், மற்றவை அப்புறம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் ஆக்டிவ் என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

புதிய விண்டோஸ் டிஸ்க்கை மறுபடி பூட்டியிருக்கலாம். புதிய சாவியை இன்றே எழுதி வாரண்டித் தாளோடு வையுங்கள். பழைய சாவி இதற்குப் பொருந்தாது.

ஃபைல்களைத் திரும்பப் போட்ட பின்பும் எடுத்து வைத்த டிரைவை ஒரு மாதம் அழிக்க வேண்டாம். ஏதோ ஒன்று விட்டுப்போனது மூன்றாம் வாரத்தில்தான் நினைவுக்கு வரும்.

13. பாகம் பழுது, கம்பெனி அசையவில்லை என்றால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகாரைப் பதிவு செய்தால் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கம்பெனியின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் தருமபுரிக்காரர் தருமபுரியிலும், கிருஷ்ணகிரிக்காரர் கிருஷ்ணகிரியிலும் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை தொடங்கியதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பில்லின் நகல், வாரண்டித் தாள், சோதனைத் திரையின் படம், கேஸ் எண்கள், ஒவ்வொரு போனுக்கும் பிறகு நீங்கள் அனுப்பிய இமெயில்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.